ஈம் கிராமத்து மக்கள்தொகை கணக்கு, உதவி வேணும்

வணக்கம். இங்கிலாந்து டெர்பிஷயர்ல இருக்குற ஈம் கிராமத்தோட வரலாற எழுதிட்டு இருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். 1665 செப்டம்பர்ல லண்டன்ல இருந்து வந்த துணி மூட்டையால பிளேக் பரவி, மாம்பெசன், ஸ்டான்லின்னு ரெண்டு பாதிரியாரும் சேர்ந்து ஊர விட்டு யாரும் போகக்கூடாதுன்னு மக்கள சம்மதிக்க வச்ச ஊரு அது. 14 மாசத்துல சுமார் 260 பேர் செத்தாங்க. எலிசபெத் ஹான்காக்னு ஒரு அம்மா எட்டு நாள்ல புருஷனையும் ஆறு புள்ளைங்களையும் தானே புதைச்சிருக்காங்க, அத படிச்சதுல இருந்து இந்த எண்ணிக்கைய தப்பா எழுதிடக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது.

பிரச்சனை, ஊர்ல மொத்தம் எத்தன பேர் இருந்தாங்கன்றதுதான். பழைய கணக்கு 350, அப்போ நாலுல மூணு பேர் போயிட்டாங்க. பின்னாடி வந்த ஆய்வுங்க 700க்கு பக்கம்னு சொல்லுது, அப்போ பாதிகூட இல்ல.

இதுவரைக்கும் செஞ்சது: செயின்ட் லாரன்ஸ் சர்ச் பதிவேட்டோட அச்சுப்பிரதில அடக்கம் பண்ணவங்கள ஒவ்வொருத்தரா எண்ணிட்டேன். 1664 அடுப்பு வரி (வீட்டுல எத்தன அடுப்பு இருக்குன்னு பாத்து போட்ட வரி) பட்டியல்ல வீடுங்கள எண்ணி, வீட்டுக்கு சராசரியா 4.3 பேர், 4.75 பேர்னு ரெண்டாலயும் பெருக்கிப் பாத்தேன், ஒத்து வரல. வரி விலக்கு வாங்குன ஏழை வீடுங்களயும் சேத்தேன். ஆனா வரிப் பட்டியல் ஊர் வாரியா இருக்கு, சர்ச் பதிவேடு ஃபூலோ மாதிரி பக்கத்து ஊருங்களும் சேந்த மொத்த பாரிஷுக்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதிக்கு).

பாரிஷ் பதிவேடுகள்ல வேலை செஞ்சவங்க சொல்லுங்க, இறப்பு சதவீதம் போடும்போது ஃபூலோ வீடுங்களயும் சேத்து வகுக்கணுமா, இல்ல ஈம்ல இறந்தவங்கள மட்டும் தனியா பிரிச்சு எடுக்கணுமா?