கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அப்பாவோடு ஒரு நாள்

பிள்ளைக்குக் காலேஜ் பார்க்கப் போகிறவர்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கள் அனுபவத்தில் அவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

மே மாதம், சேலத்திலிருந்து வால்பாறைக்குக் கிளம்பினோம். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பி.எஸ்சி. அக்ரி என்று ஒரே பிடிவாதம். சரி, கோவை வழியாகத்தானே போகிறோம், இறங்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து, பவானிப் பக்கம் அப்பாவையும் கூட்டிக்கொண்டோம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் போடுகிறவர். பேத்தியின் ஆசையில் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "வெள்ளாம பாக்கறதுக்கு நாலு வருசம் காலேஜா கண்ணு?" என்று பெருந்துறை தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

அவருடைய எரிச்சலுக்குக் காரணம் உண்டு. வேளாண் மாணவர்கள் கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுப்பார்கள். ஒரு முறை எங்கள் ஊருக்கும் வந்து, கோயில் வாசலில் கலர் கோலப்பொடியால் ஊரையே வரைபடமாகப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு அக்ரி படிப்பு என்றாலே அந்தக் கோலம்தான்.

லாலி ரோட்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் அவர் பேச்சு கொஞ்சம் குறைந்தது. அத்தனை மரம். 1868இல் சைதாப்பேட்டையில் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கி, அப்புறம் கோவைக்கு இடம் மாறி, 1971இல் பல்கலைக்கழகமான இடம் அது. பழைய கட்டடங்களை என் வீட்டுக்காரர் படம் எடுத்துத் தள்ளினார். பூச்சி அருங்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளக்க, அப்பா பயிரைத் தின்கிற பூச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே மர நிழலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கடைசி வருடம் முடிக்கப் போகிறவன். மகள் கட் ஆஃப் பற்றிக் கேட்டாள், அவனும் பொறுமையாகச் சொன்னான். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, இன்ஜினியரிங் கலந்தாய்வோடு இது சேராது, விண்ணப்பம் தனி. நடுவில் அப்பா புகுந்தார்.

"ஏந்தம்பி, கரும்பு பூத்துப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு உங்க காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?"

பூத்தால் கரும்பு அதற்கு மேல் வளராது. வெட்டத் தாமதமானால் சக்கரைச் சத்து இறங்கும், நடுவில் சக்கை கட்டும். அதனால் பூவைக் கண்டால் அப்பாவுக்கு வயிற்றெரிச்சல்.

பையன் சிரித்தான். "ஐயா, பக்கத்துல கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்குதுங்க. அங்க அந்தப் பூவுக்குத்தாங்க காத்திருப்பாங்க."

அப்பா திண்ணையில் உட்காருகிற மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வால்பாறைக்குச் சீக்கிரம் போக முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

கரணை, அதாவது கரும்புத் துண்டு, நட்டே பழகிய மனிதருக்குக் கரும்பில் விதை உண்டு என்பதே புதுச் செய்தி. புது ரகம் உருவாக்க அந்த விதைதான் வேண்டும், கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து முளைக்கக்கூடிய விதையும் பிடிக்கும், அதனால்தான் 1912இல் அந்த நிறுவனத்தை இங்கே வைத்தார்கள் என்று பையன் சொன்னான். அங்கே இருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்போடு காட்டுக் கரும்பான பேய்க்கரும்பைக் கலப்புச் செய்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம், 1918இல் பஞ்சாபுக்குப் போயிருக்கிறது. வடக்கே அதுவரை மெல்லிய நாட்டுக் கரும்புதானாம்.

"பேய்க்கரும்பையா? வரப்புல கெடந்தா புடுங்கி எறிவமே!"

"அந்த முரட்டுத்தனந்தாங்க வேணும். வறட்சி தாங்கும், நோய் தாங்கும். நீங்க போடற கோ 86032ம் அங்க உருவானதுதாங்க."

"பட்டினத்தார் கையில பேய்க்கரும்பு இனிச்சுதுன்னு சொல்லுவாங்க. இவங்க நெசமாவே இனிக்க வெச்சுட்டாங்க போல" என்றார் அப்பா. அதோடு விட்டாரா? தண்டைத் துளைக்கிற இடைக்கணுப் புழு, மருந்தடிக்கிற கூலி, சர்க்கரை ஆலை தர வேண்டிய பாக்கி என்று போய்க்கொண்டே இருந்தது. ஆலை பாக்கிக்கு மட்டும் பையனிடம் பதில் இல்லை. அதற்கு யாரிடம்தான் இருக்கிறது?

கோலப்பொடி விஷயத்தையும் அப்பா விடவில்லை. யார் வீட்டுக்குக் கிணறு, யாருக்கு எத்தனை மாடு, தண்ணீர் எதுவரை வருகிறது என்று ஊர்க்காரர்கள் வாயாலேயே சொல்ல வைத்து வரைவதுதான் அது என்று அவன் விளக்கினான். "எங்களை யாரும் ஒண்ணும் கேக்கலயே" என்றார். "அது தப்புதாங்க ஐயா" என்று பையன் உடனே ஒத்துக்கொண்டான். அந்த ஒரு பதிலில்தான் அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சி சேரவே இருட்டிவிட்டது. ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இரவில் ஏற வேண்டாம் என்று அங்கேயே அறை எடுத்தோம். சாப்பிடும்போது அப்பா மகளிடம், "விண்ணப்பம் என்னைக்கு கண்ணு கடைசித் தேதி?" என்று கேட்டார். பையனின் போன் நம்பரும் அவரிடம்தான் இருக்கிறது. மகள் கேட்டதற்கு, அவசரம் என்றால் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.