கலைச்சொல்: வேலைவாய்ப்புக் கொள்கையில் அரசுக்கு யோசனை சொல்லும் அமைப்புகள்

குழுவினருக்கு வணக்கம்.

இவ்வகை அமைப்புகள் எல்லாவற்றையும் ‘ஆலோசனைக் குழு’ என்றே எழுதிவருகிறோம். செய்தித்தாளுக்குப் போதும், சட்டப் பெயர்ப்புக்குப் போதாது. ஜெர்மனியில் வேலைச்சந்தைச் சீர்திருத்தத்துக்காக 2002இல் அமைந்த ஹார்ட்ஸ் குழுவில் 15 பேர். அறிக்கை தந்ததோடு அதன் வேலை முடிந்தது. குறைந்தபட்ச ஊதியத்தைப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் குறைந்த ஊதிய ஆணையமோ 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலையான அமைப்பானது. கலைவதை ‘வல்லுநர் குழு’ என்றும், நிலைப்பதை ‘வல்லுநர் மதியுரை அவை’ என்றும் பிரிக்கலாமா?

---

> வல்லுநர் மதியுரை அவை

‘அவை’ வேண்டாம். பேரவை, மாநிலங்களவை என்று பழகிய காதுக்குச் சட்டம் இயற்றும் இடமாகவே படும். ‘வாரியம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

‘வல்லுநர்’ என்ற அடைமொழியும் இடிக்கிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சொன்ன ஆலோசனை வாரியத்தில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கை. சார்பற்றவர்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. இது முத்தரப்பு அமைப்பு. இங்கே உறுப்பினர் வருவது தரப்பின் பேரில், படிப்பின் பேரில் அல்ல. ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதிய ஆணையத்தில் ஆய்வறிஞர்கள் இருவர் உண்டு, ஆனால் அவர்களுக்கு வாக்கு கிடையாது. வாக்கில்லாத இருவரை வைத்து மொத்த அமைப்பையும் ‘வல்லுநர்’ ஆக்கிவிட முடியாது.

---

இருவருமே ஆயுளையும் ஆட்களையும் பார்க்கிறீர்கள். சொன்ன யோசனையை அரசு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பெயர்ப்பு பெரும்பாலும் தவறுகிறது.

2025 வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 10ஆம் பிரிவு: ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யுமுன் அரசு, அச்சட்டப்படி அமைந்த ஆலோசனை வாரியத்தைக் கேட்டாக வேண்டியிருந்தது. கேட்பது கட்டாயமாக இருந்தது, சொன்னபடி செய்வது கட்டாயமாக இல்லை. இதை ‘வாரியத்தின் இசைவுடன்’ என்று பெயர்த்தால் இல்லாத அதிகாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். ‘கலந்தாய்வு’ சரியான சொல்தான். ஆனால் இன்று அதைக் கேட்டால் கல்லூரிச் சேர்க்கைக்குக் கிளம்பிவிடுவார்கள். ‘கருத்துக் கேட்பு’ என்றே வைக்கலாம்.

பிரிட்டனில் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்காவிட்டால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் காரணங்களை அறிக்கையாக வைக்க வேண்டும். இதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ‘காரணங்கூறு கடப்பாடு’ என முன்மொழிகிறேன். ஜெர்மனியில் ஆணையம் முடிவுசெய்த தொகையை அரசு ஆணையாக வெளியிடலாம், வெளியிடாமலும் விடலாம். தொகையை மட்டும் மாற்ற முடியாது. அங்கே ‘பரிந்துரை’ என்று எழுதுவதே பிழை, ‘தீர்மானம்’ என்க.

---

> காரணங்கூறு கடப்பாடு

ஏற்கிறேன். ‘விளக்கக் கடப்பாடு’ என்று சுருக்க வேண்டாம். விளக்கம் கேட்கும் குறிப்பாணை நினைவுக்கு வந்து, அரசு குற்றம் செய்தது போலாகிவிடும்.

நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிப் பதியலாம்: கால வரம்புள்ளது ‘வல்லுநர் குழு’, சட்டப்படி நிலையாக இருந்து யோசனை மட்டும் சொல்வது ‘அறிவுரை வாரியம்’, அதில் மூன்று தரப்பினர் இருந்தால் முன்னே ‘முத்தரப்பு’. தொகையைத் தானே தீர்மானிப்பது ‘ஆணையம்’. அப்படியானால் பிரிட்டன் அமைப்பின் பெயரிலுள்ள ‘ஆணையம்’ இந்த வகைப்பாட்டோடு மோதும். அது இயற்பெயர் என்பதால் அப்படியே விட்டு, பதிவின் கீழ் ‘தன்மை: அறிவுரை, காரணங்கூறு கடப்பாடு உண்டு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.