புதுப்பிப்பு: பூட் ஆன 30 விநாடியில் டச் திரை செத்துப்போவது ஏன்

முன்பு கேட்டது: லினக்ஸ் போர்டில் டச் திரை நன்றாக எழுந்து, சுமார் அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டது.

டச் திரையின் டிரைவர் கேட்கும் மின்சப்ளையின் பெயர் 'விடிடி'. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) எழுதியிருந்தது 'பவர்-சப்ளை'. 'விடிடி-சப்ளை' என்றிருக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் கெர்னல் பிழை தராமல் டம்மி ரெகுலேட்டரை (மின்சப்ளையைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பதிலான போலி) கொடுக்கிறது (லாகில் ஒரே ஒரு வரி எச்சரிக்கை, அதை யார் படிக்கிறார்கள்!). உண்மையான ரெகுலேட்டரின் பயன்பாட்டு எண்ணிக்கை 0 ஆகவே நிற்கும். யாரும் பயன்படுத்தாத ரெகுலேட்டர்களை கெர்னல் 30 விநாடி கழித்து அணைக்கும்போது அதுவும் போகிறது.

டிவைஸ் ட்ரீயில் ரெகுலேட்டருக்குத் தரும் 'பூட்-ஆன்' அமைப்பு இதைத் தடுக்காது. 'ஆல்வேஸ்-ஆன்' தடுக்கும், ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். சஸ்பெண்டிலும் மின்சாரம் வீணாகலாம். டீபக்எஃப்எஸ்ஸின் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அமைப்பு) ரெகுலேட்டர் சம்மரியில், பெயரைத் திருத்தியபின் எண்ணிக்கை 1.

ஃபிக்ஸ்டு ரெகுலேட்டர் (மாறாத வோல்டேஜ் தருவது) என்றால் 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹை சிக்னலில் இயங்கும் ரெகுலேட்டருக்கு அது விடுபட்டால், அதை இயக்கும் ஜிபிஐஓ பின் தலைகீழாக வேலை செய்யும்.