"பார்த்துக் கொடுங்க": பணம் கேட்டது, வாங்கினது, கொடுத்தது பற்றி உங்கள் அனுபவங்கள்

தருமபுரி பக்கம் ஒரு சின்ன ஊரில் வீட்டிலேயே மிஷின் போட்டுப் பதினாறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பத்து வருஷம், "எவ்வளவும்மா?" என்று யார் கேட்டாலும் என் வாயில் வந்த ஒரே பதில், "பார்த்துக் குடுங்கக்கா." காசைக் கேட்டு வாங்குவது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அப்பா கூலி வாங்கப் போனால், அவர்களாகக் கூப்பிடும்வரை திண்ணை ஓரமாக நின்றுகொண்டே இருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஒரு தை மாதம், மகள் கல்யாணத்துக்கு ஆறு லைனிங் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த டீச்சரம்மா வாங்க வந்தார். வழக்கம்போல "பார்த்துக் குடுங்க டீச்சர்" என்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் என்னத்தைப் பார்க்கிறது? ராத்திரி கண்முழிச்சுத் தைச்சது நீ. நான் குறைச்சுக் குடுத்தா நீ மனசுக்குள்ள என்னைத் திட்டுவே. கூடக் குடுத்தா, ஏமாந்துட்டேனோன்னு வீட்டுக்குப் போய் நான் யோசிப்பேன். எதுக்கு ரெண்டு பேருக்கும் அந்தக் கஷ்டம்? கணக்கைச் சொல்லு."

அவர் எதிரிலேயே ஒரு பழைய அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அப்போது பெரும்பாலும் எல்லோரும் கொடுத்தது 180 ரூபாய். லைனிங் துணி 55. நூல், ஊக்கு, கழுத்துக்குக் கேன்வாஸ் எல்லாம் சேர்த்து 15. மீதி 110. வெட்டுவதிலிருந்து ஊக்கு கட்டி அயர்ன் பண்ணுவதுவரை எனக்கு மூன்று மணி நேரம். அதாவது மணிக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை. அதில்தான் கரண்டு பில்லும் மோட்டார் ரிப்பேரும் போக வேண்டும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஒரு பிளவுஸுக்கு 300 என்று ஆறுக்கும் எண்ணி வைத்தார். "இனிமே இதைச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இதில் எனக்கே புரியாத ஒன்று உண்டு. அதற்கு முன்பே நான் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தேன். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் எங்கள் தருமபுரியில்தான் முதலில் ஆரம்பித்தன. கூட்டத்தில் பதினெட்டு பேர் முன்னால் "ஓவர்லாக் மிஷின் வாங்கணும், 15,000 வேணும்" என்று கூச்சமில்லாமல் கேட்டிருக்கிறேன். எதற்கு, எத்தனை மாதத்தில் கட்டுவேன் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கடனை வாய்விட்டுக் கேட்க முடிந்தவளுக்குக் கூலியைக் கேட்க முடியவில்லை.

மறுநாள் சாக்பீஸில் பலகையில் விலை எழுதி வாசலில் மாட்டினேன். மூன்று பேர் வருவதை நிறுத்தினார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர், "அதுக்குக் காசாசை வந்துடுச்சு" என்று சொன்னது காதுக்கு வந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், காசே நினைப்பாக நான் இருந்தது அதற்கு முந்தைய பத்து வருஷம்தான். யார் இருபது குறைத்தார்கள், யார் "அப்புறம் தர்றேன்" என்று போனார்கள் என்று தையலுக்கு நடுவில் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே எல்லோர்மேலும் கோபம். பலகை மாட்டிய பிறகு அந்தக் கணக்கு நின்றுவிட்டது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

பேராவூரணி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ஊர் மொய் விருந்துதான் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்கள் இதைச் சாப்பாடு போட்டுக் காசு வசூலிப்பது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆடி, ஆவணியில் பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே பந்தலில் வைப்போம். கறிச் சோறு. அந்தந்தக் குடும்பத்துக்குத் தனித்தனியாக ஆள் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வைக்கும் விருந்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதோடு கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும். எனக்குப் பணம் தேவை என்று பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டுச் சொல்லும் பழக்கம் இது. இதில் யாருக்கும் தலைகுனிவு கிடையாது.

எங்கள் வீட்டு விருந்து முடிந்த அன்று ராத்திரி, பாயில் பணத்தைப் பரப்பி எண்ணினோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவ்வளவு நோட்டை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கார் வாங்கலாம் என்று சொன்னேன். அப்பா திட்டவில்லை. மொய் நோட்டை என் மடியில் வைத்து, "ஒவ்வொரு பேரா வாசி" என்றார். இருபது பெயர் வாசித்திருப்பேன். "இதுல எது நம்ம காசு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பணம் அத்தனையும் கடன், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பணத்தில் போர்வெல் போட்டு, தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் தென்னையில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனது. போர்வெல் மட்டும் தப்பியது. அதை வைத்து ஊடுபயிராகக் கடலையும் உளுந்தும் போட்டு, நோட்டில் இருந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்தோம். இன்னும் நாற்பது சொச்சம் பெயர் பாக்கி. கார் ஆசை எனக்கு இப்போதும் இருக்கிறது. அதைத் தப்பான ஆசை என்று நான் நினைக்கவில்லை. கடலை விற்ற காசில் அதற்கென்று தனியாக அஞ்சலகத்தில் ஒரு ஆர்.டி. கட்டி வருகிறேன்.

*

எனக்குக் கடன் கொடுப்பதில்தான் பிரச்சினை. சம்பளம் வாங்கும் ஆள் என்பதால் சொந்தத்தில் எல்லோரும் கேட்பார்கள். "இல்லை" என்று சொல்ல வராது. "அடுத்த வாரம் பார்க்கலாம் மாமா" என்று சொல்லிச் சொல்லியே அலைய விடுவேன். ஒருமுறை சித்தப்பா ஒருவர், நான் இழுத்த இழுப்பில் வெளியே நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிவிட்டார். மாதத்துக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு அறுபது. "முடியாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா நகையைப் பேங்க்ல வெச்சிருப்பேனேடா" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் எனக்கு வருத்தம் வராத தொகை எதுவோ, அதை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் முடியாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

*

மன்னிக்கணும், எனக்கு இதில் ஒரு நெருடல். எல்லாவற்றுக்கும் விலைப்பலகை மாட்டினால் அக்கம்பக்கத்தில் உறவு என்று என்ன மிஞ்சும்? எங்கள் ஆத்தா பிரசவம் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கி வந்தவர்.

*

முதலில் எழுதியவள்தான். உங்கள் ஆத்தாவைப் பற்றிப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி இருக்கிறார், முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுபவர். பழைய நாளில் அவர் ஜாக்கெட்டுக்கு முப்பது ரூபாயைக் கசக்கிக் கையில் திணிப்பார். வாங்கிக்கொண்டு, நூல் காசுக்குக்கூடக் கட்டவில்லையே என்று உள்ளே புழுங்குவேன். அந்த எரிச்சலில் அவர் துணியை நாலு நாள் தள்ளிப்போட்டதும் உண்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது மற்றவர்களிடம் சரியான கூலி வாங்குகிறேன். அதனால் பாட்டிக்குக் காசே வாங்குவதில்லை. வந்த அன்றே தைத்துவிடுகிறேன். கண் சரியாகத் தெரியாது என்பதால் ஊக்குக்குப் பதில் பெரிய பித்தான் வைத்து, காஜாவைக் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறேன். "எவ்வளவு கண்ணு?" என்று அவர் இன்னமும் கேட்பார். "இது ஓசி பாட்டி" என்று நேராகவே சொல்லிவிடுவேன். போன மாதம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த நாலு எலுமிச்சம்பழத்தை மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.