2019 சூரிய கிரகணத்தன்று நடந்ததில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

கரூர் மருமகள்:
டிசம்பர் 26. எனக்கு ஏழாம் மாதம். படித்தது எம்.எஸ்சி. இயற்பியல். நம்ம ஊரிலேயே சூரியன் முழு வளையமாகத் தெரியும் என்று ஒரு வாரமாக மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை எட்டு மணிக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி, வயிற்றின் மேல் தர்ப்பையை வைத்து என்னைப் படுக்க வைத்துவிட்டார். சண்டை போட்டிருக்கலாம். இரண்டு முறை கலைந்து, அப்புறம் தங்கிய கரு அது. பேசாமல் படுத்துக்கொண்டேன்.

ஒன்பதரை வாக்கில் ஜன்னல் பலகையில் இருந்த ஆணி ஓட்டை வழியாக எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. எப்போதும் விழும் வட்டம் இல்லை, நடுவில் இருட்டாக ஒரு வளையல். என் கையில் வளைகாப்பு வளையல்கள், சுவரில் அது. மாமியார் பார்த்துவிட்டு, "இதைத்தான் சொன்னியா?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கும்பிடத் தோன்றியது. தர்ப்பையை நான் எடுக்கவில்லை. பயந்தேனா, அவருக்காக விட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுக்கோட்டை ஆசிரியர்:
அத்தா மௌத்தாகி அன்றைக்கு இரண்டாம் நாள். "நல்ல மனுஷன் போனதுக்குச் சூரியனே இருண்டுபோச்சு" என்று மாமு சொன்னார். எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் பேசினார். நபிகளின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்ததாம். மகனுக்காகத்தான் பிடித்தது என்று மக்கள் சொன்னபோது, யாருடைய மரணத்துக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் மறுத்தாராம். வகுப்பில் நான் வருஷா வருஷம் நடத்தும் பாடம்தான். ஆனால் அன்று நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. வெளியே வந்தால் வேப்பமரத்தடி முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள், இலை இடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. செருப்புப் போடாமல் அப்படியே நின்றேன்.

ஈரோடு:
கரூர் சகோதரி, தர்ப்பையை அழகாக எழுதிவிட்டீர்கள். எனக்கு வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பிளவு உதடு. 1980 பிப்ரவரி 16 கிரகணத்தன்று அம்மா கொல்லைக்குத் துணி எடுக்கப் போனார், அதனால்தான் என்று ஊரே சொன்னது. என் கல்யாண வீட்டில்கூட ஒரு பெரியம்மா சொன்னார்.

2019இல் அன்று காலை அம்மா தானாகவே அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எத்தனையாவது மாதம் என்று. ஆறு. கருவில் உதடு சேர்வது நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில். கிரகணத்துக்கு எத்தனையோ மாதம் முன்பே என் உதடு இப்படித்தான் இருந்தது என்று கதவுக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதை ஏன்டா யாருமே எங்கிட்டச் சொல்லலை?" என்றார்.

நான் நாத்திகன் இல்லை. வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். ஆனால் ஒரு தாயின் தலையில் பழி போடும் சடங்கை என்னால் சாமி கணக்கில் சேர்க்க முடியாது.

திருக்கணிதம்:
எங்கள் வீட்டில் தாத்தா தர்ப்பணம் பண்ணி முடித்துவிட்டு, நிழல் எத்தனை மணிக்கு விலகும் என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஈரோடு தம்பிக்கு ஒன்று. எல்லாச் சடங்கையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றிப் படியுங்கள். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தை இன்றைய தெலங்கானாவிலுள்ள வனபர்த்தி போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். ஆசாரமான குடும்பம்தான். வானத்தைப் பார்த்துச் சரிசெய்த கணக்கில் பஞ்சாங்கமும் போட்டார். காளஹஸ்தி கோயிலைக் கிரகணத்தில்கூட நடை சாத்துவதில்லை. பரிகாரத்துக்கு அன்றைக்கும் கூட்டம் வரும். பழக்கம் ஊருக்கு ஊர் வேறு. அடுத்த முறை அம்மாவுக்குச் சூரிய வடிகட்டிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். எக்ஸ்ரே பிலிம் வேண்டாம், கண் போய்விடும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண். குழந்தைகளுக்கு அட்டையில் ஓட்டை போட்டு நிழலில் காட்டினால் போதும்.

ஈரோடு:
ஐயா, நான் கேட்டது கண்ணாடி இல்லை.

கரூர் மருமகள்:
ஈரோடு அண்ணா, உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒன்று எழுத விட்டுவிட்டேன். 2020 ஜூன் 21, அடுத்த சூரிய கிரகணம். பாப்பாவுக்கு மூன்று மாதம். முற்றத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையில் ஓரம் கடித்த மாதிரி ஒரு சின்ன வட்டம். மாமியார் பாப்பாவை உள்ளே தூளியில் போட்டுவிட்டு நிலைப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார். படி தாண்டவில்லை. நானும் வாங்க என்று கூப்பிடவில்லை. அவர் நின்ற இடத்துக்குத் தெரிகிற மாதிரி அட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தேன்.