ரம்மி நின்னுச்சு, இப்போ கிரிக்கெட் ‘ஐடி’: தம்பி கடனை மொத்தமா அடைச்சுடலாமா?

தாமிரபரணிக்கரை:
தம்பிக்கு 27 வயசு, சம்பளம் 32,000. 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து ரம்மி ஆப்ல பணம் கட்டி ஆடறது நின்னதும், டெலிகிராம்ல ஒரு ஏஜென்ட்கிட்ட கிரிக்கெட் ஐடி, அதாவது மேட்ச்ல பந்தயம் கட்டற கணக்கு, வாங்கிட்டான். தெரிஞ்ச கடன் 4.6 லட்சம்: மூணு லோன் ஆப், ஒரு கிரெடிட் கார்டு, கொஞ்சம் கைமாத்து. நகையை வித்து அடைச்சுடலாம்னு அம்மா சொல்றாங்க. “இனி மாசம் 1,000க்கு மேல ஆடமாட்டேன்”ங்கறான் அவன். ரெண்டும் சரிப்படுமா? யார்கிட்ட காட்டணும்?

கணக்குப்பிள்ளை:
நகையை இப்போ விக்காதீங்க சகோதரி. கார்டு பாக்கியைக் கட்டினதும் முழு லிமிட்டும் திரும்பத் திறந்துடும். லோன் ஆப்பும் அடுத்த தடவை கூடுதலா நீட்டும். வீட்டுல பாடுபட்டு அடைச்ச கடன் மறுபடி முளைக்கறது இப்படித்தான். முதல்ல பணம் போற வழியை அடைக்கணும், கடன் அப்புறம்.

அவர் பேரும் உங்க பேரும் சேர்த்து ஒரு ஜாயின்ட் கணக்கு தொடங்குங்க. ‘ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்’ங்கற முறையில தொடங்கணும், இதுதான் முக்கியம். ‘யாராவது ஒருத்தர்’னு போட்டா பிரயோஜனம் இல்ல. ரெண்டு கையெழுத்துக் கணக்குக்குப் பொதுவா யுபிஐ கிடைக்காது, நமக்கு வேண்டியதும் அதுதான். அவர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து சம்பளத்தை அங்க மாத்தட்டும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தினம் கையில ரொக்கம். கார்டோட ஆன்லைன் பரிவர்த்தனையை அணைச்சா மட்டும் போதாது, அவரே ஒரு நிமிஷத்துல திரும்பப் போட்டுடலாம். கார்டை நிரந்தரமா பிளாக் பண்ணிட்டு, பாக்கியைத் தவணையா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

முதல்ல வாய்ல வர்ற கடன் தொகை பெரும்பாலும் முழுசு இல்ல. யார் யார்கிட்ட என்ன கடன்னு பதிவு வச்சிருக்கற நிறுவனங்கள் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா ரிப்போர்ட் தரணும். அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே எடுத்துப் பாருங்க. கைமாத்தும் கந்துவட்டியும் அதுல வராது. அடகுச் சீட்டு எங்கயாவது இருக்கான்னு பீரோ, பர்ஸ், வண்டி டிக்கி வரைக்கும் தேடுங்க.

மனநலத்_தோழி:
1,000 ரூபாய் கணக்கு பத்தி. சூதாட்டச் சிக்கல் எவ்வளவுன்னு அளக்க பிஜிஎஸ்ஐன்னு 9 கேள்வி உண்டு. ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினா 8 அல்லது அதுக்கு மேல வந்தா சிக்கல் முத்தியிருக்குன்னு அர்த்தம். விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாள் திரும்பப் போனீங்களா, ஆட கடன் வாங்கினீங்களா, குற்ற உணர்வு இருக்கான்னு கேக்கும். அந்த நிலைக்கு வந்தவருக்கு ‘அளவா ஆடறது’ பெரும்பாலும் நிக்காது. முதல் 1,000 போனதுமே அதைத் திரும்பப் பிடிக்கற வேகம் வந்துடும். முழுசா நிறுத்தறதுதான் வழி. அவர் மனசுல உறுதி இல்லன்னு நினைச்சுத் திட்டாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே இது இருக்கு.

மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதுலயும் மனநலப் பிரிவு புறநோயாளி சீட்டு போட்டுப் பாக்கலாம். சென்னைன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. சிகிச்சையில பேச்சுதான் பிரதானம், நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற சிபிடிங்கற முறை. குடி, மனச்சோர்வு கூட இருந்தா சேர்த்தே பார்க்கணும், மறைக்காம சொல்லுங்க. வேற மாத்திரை எடுத்தா சீட்டையும் கொண்டுபோங்க: பிரமிபெக்சோல் மாதிரி பார்கின்சன் மருந்துகளாலயும் சிலருக்குச் சூதாடற வேகம் வரும்.

ஒண்ணைத் தள்ளிப்போடாதீங்க. கடன் வெளிய தெரிஞ்ச நாளும், பெரிசா விட்ட ராத்திரியும் ஆபத்தான நேரம். “சாகணும்னு தோணுதா?”ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. எலி பேஸ்ட், பூச்சிமருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்க. அரசு மனநல உதவி எண் 14416, இல்லன்னா சுகாதார உதவி எண் 104, ராத்திரியிலும் கூப்பிடலாம்.

கிழக்குவாசல்:
அந்த ஐடி பத்தி யாரும் சொல்லல. ஏஜென்ட் பணம் போடச் சொல்ற யுபிஐ முகவரி அடிக்கடி மாறும், எல்லாம் முன்பின் தெரியாதவங்க பேர்ல இருக்கும். ஜெயிச்ச 4,000 எவரையோ ஏமாத்தின பணமா இருந்து, அவங்க சைபர் குற்ற உதவி எண் 1930ல புகார் கொடுத்தா, தம்பி கணக்கும் சேர்ந்து முடங்கும். “உன் கணக்கை வாடகைக்குக் கொடு, கமிஷன் தர்றேன்”னு ஏஜென்ட் கேட்டிருக்கானான்னு தம்பிகிட்ட விசாரிங்க. கொடுத்திருந்தா உடனே வக்கீலைப் பாருங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. தமிழ்நாட்டோட 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துல ஆடறவருக்கும் தண்டனை இருக்கு, அதனால யோசனை கேட்டுட்டே புகார் எழுதுங்க.

ஆப்பை அழிச்சா போதாது. “போனஸ் 500 போட்டாச்சு”ன்னு வாட்ஸ்அப்ல வந்துக்கிட்டே இருக்கும். ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணி, டெலிகிராம் கணக்கையே நீக்கணும்.

லோன் ஆப்காரங்க வசூலுக்குக் காலை 8க்கு முன்னயும் மாலை 7க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. படத்தை மார்ஃபிங் பண்ணி மிரட்டினா ஸ்கிரீன்ஷாட்டோட 1930.

தாமிரபரணிக்கரை:
ரொம்ப நன்றி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம்பிடிச்சா?

மனநலத்_தோழி:
அப்போ நீங்களே 14416க்குப் பேசுங்க அக்கா, குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவாங்க. அவர் வரலன்னாலும் அம்மா நகை, உங்க சம்பளம், ஏடிஎம் பின் நம்பர் மூணையும் இன்னைக்கே பத்திரப்படுத்துங்க. சம்பள நாளுக்கு முன்னாடி மறுபடி கூப்பிட்டுப் பாருங்க. கையில காசு இல்லாத அந்த ரெண்டு நாள்லதான் பலபேர் “சரி, வர்றேன்”ங்கறாங்க.