காட்டுத் தீ சென்சர் மாட்டப் போனவங்க, உங்க அனுபவத்தை எழுதுங்க (பினாங்கு, கோலாலம்பூர் - கேஎல்)

ஆயர் ஈத்தாம் பையன்:

ஒரே ஒரு விசயம் மண்டையைக் குடையுது, நேரா அதுக்கே வர்றேன். சென்சர் எப்படி இருக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சோலார்ல ஓடும், கேஸ் சிப் புகையை மோப்பம் பிடிக்கும், லோராங்கிற தூர ரேடியோவுல சேதி அனுப்பும். பினாங்கு மலைச் சரிவுல பழத்தோட்டம் முடிஞ்சு காடு ஆரம்பிக்கிற இடம். ஏணி போட்டு மூனு மீட்டர் உயரத்துல மாட்டி, ரெண்டு வாரம் அந்தக் காத்தைப் பழகி, அதையே சாதாரண அளவா வெச்சுக்கட்டும்னு விட்டாச்சு. பிப்ரவரி மாசம், சொட்டு மழை இல்ல. அப்புறம் சோதனைத் தீ.

இரும்புச் சட்டியில காஞ்ச இலையும் கொஞ்சம் பச்சை மட்டையும் போட்டுப் புகைய வெச்சோம். வனத்துறை அதிகாரி, என்சிக் ஒருத்தர், முதுகுல தண்ணிப் பையோட நிக்கிறார். மேனேஜர் கையில டேப்லட். சட்டிக்குப் பக்கத்து மரத்துலதான் சென்சர். புகை அது மேல உரசிக்கிட்டே போகுது. சத்தம் இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வருது, அது பாட்டுக்குக் கம்முனு இருக்கு.

அந்த நேரம் பார்த்து மேல் பாதையில காலை நடைக்கு வந்த ஒரு சீன ஆன்ட்டி, கைத்தடியை நீட்டி மலாய்ல கத்துறாங்க: இந்த வெயில்ல காட்டுக்கு நெருப்பு வைக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? என்சிக் தன் யூனிஃபார்மைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறார். ஆன்ட்டி கண்டுக்கல, 999 அடிச்சாச்சு. அவங்க இடம் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே டேப்லட் அலறுது. அப்பாடான்னு பார்த்தா, அலறுனது எங்க தலைக்கு மேல இருக்கிறது இல்ல. ரொம்ப மேல, மேட்டு விளிம்புல, யாருமே கவனிக்காத ஒன்னு.

வெயில் ஏறுனா காத்து சரிவோட மேல போகும், புகையும் கூடவே போகும். அது புரியுது. புகைக்குள்ளேயே குளிச்ச சென்சர் ஏன் வாயைத் திறக்கல? அறிக்கையில "தீ கண்டறியப்பட்டது"ன்னு எழுதி முடிச்சுட்டாங்க. பொய்யின்னு சொல்ல முடியாது. தீயணைப்பு பொம்பா வந்தாங்க, சட்டியைப் பார்த்தாங்க, சிரிச்சுட்டுப் போனாங்க. அந்த ஊமை சென்சர் இன்னும் அங்கேதான் இருக்கு, டேஷ்போர்டுல பச்சை, எல்லாம் சரியா இருக்காம்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:

காத்து மேல பழி போடாதீங்க பாஸ். பெட்டியை மூட என்ன பூசுனீங்க? குளியலறைக்குப் போடுற சிலிக்கோனா?

எங்க ஃபேக்டரி லைன்ல ஒரு தடவை டெஸ்டுக்கு வந்த கேஸ் சிப் அத்தனையும் செத்துப் போச்சு. பக்கத்து மேசையில ஒருத்தன் அச்சு ஒட்டாம இருக்க சிலிக்கோன் ஸ்ப்ரே அடிச்சிருக்கான். அவ்ளோதான் கதை.

இப்ப இதைக் கேளுங்க. இந்தச் சிப்புக்குள்ள சின்னதா ஒரு சூடான தட்டு இருக்கும், 300 டிகிரி பக்கம் ஓடும். அது மேல மெட்டல் ஆக்சைடு படலம். புகையில இருக்கிற வாயு பட்டா மின்தடை இறங்கும், அதை வெச்சுத்தான் தீன்னு சொல்லுது. சிலிக்கோன் ஆவி அந்தத் தட்டுல பட்டா அங்கேயே எரிஞ்சு கண்ணாடி மாதிரி ஒரு தோல் போர்த்திடும். அதுக்கப்புறம் எந்த வாயுவும் உள்ள போகாது, திரும்பவும் சரியாகாது. அதனால: ஒன்னு, சிலிக்கோனே இல்லாத சீலன்ட் வாங்குங்க. அதோட, புது சிப்பை முதல்ல ரெண்டு நாள் ஓட விட்டுட்டு அப்புறம்தான் மரத்துக்குக் கொண்டு போகணும், பெட்டியில இருந்து எடுத்த உடனே மாட்டுனா அளவு நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஈரப்பதத்துக்கும் தடை இறங்கும், நம்ம காட்டுல விடியக்காலையில 90க்கு மேல ஏறும், மென்பொருள்ல அதைக் கழிக்கலன்னா தினமும் காலையில பொய் அலாரம். அப்புறம் அந்த சோலார். அடர்ந்த காட்டுல தரைக்கு வர்ற வெளிச்சம் நூத்துல ஒன்னு ரெண்டு பங்குதான். ஐரோப்பாவுல குளிருக்கு இலை கொட்டுற காட்டை மனசுல வெச்சுச் செஞ்ச பொருளை இங்க டுரியான் மரத்தடியில மாட்டுனா வேற என்ன ஆகும்? நிழல் எந்தப் பக்கம், தோட்ட ஓரம் எந்தப் பக்கம்னு காலையிலயும் சாயங்காலமும் நின்னு பார்த்தீங்களா?

தண்ணீர்மலை:

நம்ம கதை சின்னது. மலைக்கோயில் பக்கம் ஓரக் காட்டுல ஒரு நண்பன் ரெண்டு சென்சர் சோதனைக்கு மாட்டியிருந்தான். அலாரம் வர்ற நம்பர்ல என் நம்பரையும் போட்டு வெச்சிருந்தான், எனக்கே தெரியாது. 2025 தைப்பூசம், பிப்ரவரி 11. மச்சானுக்குக் காவடி, நான் பின்னால பால் குடத்துக்கு வழி விலக்கிக்கிட்டு வர்றேன். சட்டைப் பையில போன் நிக்காம அடிக்குது. கற்பூரம், சாம்பிராணி, தண்ணீர்ப் பந்தல்ல ஜெனரேட்டர் புகை, எல்லாத்தையும் சேர்த்துக் காட்டுத் தீன்னு எடுத்துக்கிச்சு. வேல் குத்துன மச்சான் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! ஏப்ரல்ல சீனங்க முன்னோர் கல்லறையைக் கும்பிடுற செங் பெங் வந்தப்ப கல்லறைப் பக்கம் இருந்த இன்னொன்னும் அதே கூத்து, தங்கத்தாள் எரிக்கிறாங்கல்ல.

ஆனா நைட் ஷிப்ட் அண்ணே, இங்க கதை சொல்லத்தான் கேட்டாங்க. நீங்க பாடம் எடுக்குறீங்க.

செராஸ் அக்கா:

தண்ணீர்மலை தம்பிக்குக் கத்தித் தொலைச்சுது, எனக்குக் கத்தவே இல்ல. கத்தாததுதான் ஆபத்து.

கோலாலங்காட் பக்கம், பீட் மண் (மக்குன செடி கொடியால ஆன மண்) சதுப்புக் காடு. கேஎல்ல இருந்து கிளம்பிப் போய் வேலை பார்த்துட்டுத் திரும்புறது. அங்க முதல்ல மரம் எரியாது, மண்ணுதான் எரியும். கால்வாய் வெட்டித் தண்ணி மட்டம் இறங்குன இடத்துல உள்ளுக்குள்ளேயே கனன்றுக்கிட்டுப் போகும், மேல சுடரே தெரியாது. நாங்க மாட்டுனது 2023 அக்டோபர். ஞாபகம் இருக்கா, அந்தப் புகைமூட்டம்? முகக்கவரி போட்டுக்கிட்டுத்தான் ஏணியில ஏறினேன். "புகை போகட்டும், அப்புறம் பழக விடலாம்"னு சொன்னேன். ஒப்பந்தத் தேதின்னு கம்பெனியில தள்ளிப் போட ஒத்துக்கல. அதனால அந்தப் பெட்டிகள் பொறந்ததுல இருந்து சுவாசிச்சது புகைதான். அதுதான் நல்ல காத்துன்னு கத்துக்கிச்சு.

அடுத்த வறட்சியில சென்சரை மரத்தோட கட்டுன பட்டியைத் தளர்த்தப் போனேன். மாஹாங் மரம் வேகமா பருக்கும், பட்டியைப் பார்க்காம விட்டா பட்டைக்குள்ள இறங்கிடும். நின்ன இடத்துல உள்ளங்கால் சுடுது. ரப்பர் பூட்ஸ் அடிப்பாகம் வழியா. குச்சியை எடுத்து மண்ணுல சொருகினேன், குழியில இருந்து புகை வந்துச்சு, குச்சி நுனி கருப்பு. நிமிர்ந்து பார்த்தா பத்தடியில சென்சர். போனைத் திறந்தா, பச்சை.

ஓடிப் போய் ஆளைக் கூப்பிட்டு, கால்வாய்ல பம்பு வெச்சு மண்ணு கூழாகுற வரைக்கும் தண்ணி விட்டாங்க. பீட்டுக்குத் தெளிச்சா பத்தாது, ஊற வைக்கணும். மழை வந்து காத்து சுத்தமான பிறகு எல்லாத்தையும் அழிச்சு முதல்ல இருந்து பழக விட்டோம். இப்ப தண்ணி மட்டக் குழாயையும், வானிலை இலாகா தினமும் போடுற தீ அபாய வரைபடத்தையும் பார்க்காம நான் பச்சையை நம்புறதில்ல.

ஆயர் ஈத்தாம் தம்பி, உங்க ரெண்டு வாரத்துல அந்தப் பழத்தோட்டத்துல யாரும் இலை எரிச்சாங்களா?

தோட்டத்துப் பெருசு:

நான் சென்சர் மாட்டல, தீயை அடிச்சவன். பால்மர (ரப்பர்) தோட்டம், பிப்ரவரி மார்ச்சுல இலை மொத்தமும் கொட்டும், நடந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு நாள் யாரோ போட்ட சுருட்டுத் துண்டு, ஒரு நிரை முழுக்க ஓடிடுச்சு. எங்கப்பா பச்சைக் கிளையை ஒடிச்சு அடிச்சு அடிச்சு, சாயங்காலம் பார்த்தா புருவம் இல்ல. இப்ப அந்த இடம் செம்பனை.

தம்பிகளா, பெட்டி மாட்டுறதுக்கு முன்னால செய்ய வேண்டியது இருக்கு. காட்டு ஓரத்துல இலையைக் கூட்டி வெறும் மண்ணு தெரியுற மாதிரி வழி விடுங்க. லாலாங் புல்லை வெட்டுங்க, எரிச்சு அழிக்காதீங்க, எரிச்சா இன்னும் கெட்டியா வரும். தீ வந்தா மேட்டுப் பக்கம் ஓடாதீங்க, மேட்டுல அது உங்களை விட வேகமா வரும். ஏற்கெனவே எரிஞ்சு கருகுன தரைக்குப் போய் நில்லுங்க. மரத்துல இரும்பு ஆணி அடிக்காதீங்க. என்னைக்காவது அறுக்கிறவன் வாள் பல்லு போயிடும், அலுமினிய ஆணின்னா பரவாயில்ல. கம்பியை இறுக்கிக் கட்டுனா பட்டை அதை முழுங்கிடும். தோட்டத்துக்காரன்கிட்ட மரியாதையா பேசி வைங்க. தண்ணி எங்க இருக்கு, பாதை எங்க இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும். திறந்தவெளியில எரிச்சா 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கு, அந்த சீனத்தம்மா கேட்டதுல தப்பே இல்ல. சட்டியில வெச்சாலும் முன்கூட்டியே பாதையில ஒரு பலகை போட்டிருக்கணும்.

நைட் ஷிப்ட் தம்பி நல்லாத்தான் சொல்றாரு, கோவிச்சுக்காதீங்க.

ஆயர் ஈத்தாம் பையன்:

பெருசு, பலகை போட்டிருந்தோம். கீழ்ப் பாதையில. ஆன்ட்டி மேல் பாதையில வந்தாங்க.

நைட் ஷிப்ட் அண்ணே, சிலிக்கோன் கிடையாது, பெட்டி தொழிற்சாலையில மூடி வந்தது, நாங்க திறக்கவே இல்ல. அக்கா கேட்ட கேள்விதான் தூக்கி வாரிப் போட்டுச்சு. தோட்டத்து அங்கிள் தினமும் சாயங்காலம் டுரியான் இலையைக் கூட்டி எரிப்பார், கொசுவுக்கு. அந்த மரத்துக்குப் பக்கத்துலதான். நாங்களே அங்க உட்கார்ந்து அவர் குடுத்த காப்பி-ஓ குடிச்சிருக்கோம். மேட்டு விளிம்புக்கு அந்தப் புகை போகாது, சாயங்காலம் காத்து இறங்க ஆரம்பிச்சிடும்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:

அக்கா சொன்னது நடக்கலாம், இல்லேங்கல. ஆனா தினமும் ஒரு மணி நேரப் புகைக்கெல்லாம் அடிப்படை அளவு அவ்வளவு தூரம் நகருமா? அக்காவுக்கு இருந்தது ராத்திரி பகலா புகை. மின்தடை அளவை நேரடியா பார்த்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும், சிப் செத்துச்சா இல்ல ஏமாந்துச்சான்னு. டேட்டா அனுப்புங்க.

ஆயர் ஈத்தாம் பையன்:

எங்களுக்கு அளவு தர்றதில்ல அண்ணே. பச்சை, மஞ்சள், சிவப்பு, அவ்ளோதான். அளவு வேணும்னா தனிக் கட்டணமாம். மறுபடியும் பழக விடலாம்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், அறிக்கை போயிடுச்சு, திறக்க முடியாதுன்னு சொல்லிட்டார்.

செராஸ் அக்கா:

என்சிக்கைப் பிடிங்க தம்பி. காட்டுக்குப் பொறுப்பு அவங்க. அவங்க எழுத்துல கேட்டா கம்பெனி திறந்துதான் ஆகணும். எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு. மழை தொடங்குனதும் செய்யச் சொல்லுங்க. அதுவரைக்கும் அங்கிளை வேற பக்கம் எரிக்கச் சொல்லுங்க.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:

இல்லேன்னா பெர்மிட் வாங்கிக் கழட்டி எடுத்துட்டு வாங்க. சனிக்கிழமை எனக்கு ஓஃப், மேசையில வெச்சுப் பார்த்துடலாம்.

ஆயர் ஈத்தாம் பையன்:

பெர்மிட் வாங்கிடலாம். ஏணியில யார் ஏறுறது? போன வாரம் போய்ப் பார்த்தேன், பெட்டிக்குப் பின்னால கெரெங்கா எறும்பு கூடு கட்டியிருக்கு.